புரட்டாசி வானம்: போகும் மழையும் வரும் மழையும்



புரட்டாசி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் தொடங்கிவிடும். "இங்கே மழை எப்பொழுது ஓயும்?" என்பது ஒன்று, "ஊரில் மழை எப்பொழுது பிடிக்கும்?" என்பது மற்றொன்று. திலக் நகரிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் குடியிருக்கும் தமிழருள் இவ்விரண்டையும் ஒருங்கே நினையாதார் மிகச் சிலரே. குடை பிடிப்பது இங்கே; கூரையைப் பற்றிக் கவலைப்படுவது அங்கே. பிள்ளையின் மழைக்கோட்டை இங்கே மடித்து வைக்கும் அதே வாரத்தில், ஊரிலுள்ள பெற்றோரிடம், "அம்மா, ஓடு மாற்றியாயிற்றா? வாய்க்கால் வெட்டியாயிற்றா?" என்று தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்கிறது. இத்தகைய இரண்டு வானங்களுக்கும் நடுவே நிற்கும் மாதம் இது. ஆதலின் இத்திங்கள் இப்பகுதியில், கூதிர்க்காலத் தொடக்கத்துப் புயல்களையும், வரவிருக்கும் ஒரு வாரத்து வானிலையை அறிந்துகொள்ளும் முறையையும் பற்றிச் சில செய்திகள் சொல்லலாம் என எண்ணுகிறேன்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். இந்நகரில் நம் அண்டை வீட்டாராகிய மராட்டியர் இக்காலத்து மழையைப் 'பரதீச்சா பாவூஸ்' என்பர். திரும்பிச் செல்லும் மழை என்பது அதன் பொருள். பொருத்தமான பெயர்தான். ஆயினும், விடைபெற்ற விருந்தினர் வாசற்படியில் நின்று மேலும் ஒரு நாழிகை பேசுவதுபோல, இம்மழையும் எளிதில் படியிறங்குவதில்லை. பேச்சும் சற்று உரத்த குரலிலேயே இருக்கும்.

மழை விடைபெறும் விதம்

தென்மேற்குப் பருவமழை மும்பையை விட்டு நீங்கும் இயல்பான நாள் அக்டோபர் 8 என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020ஆம் ஆண்டில் வகுத்தது. அதற்கு முன்னர் செப்டம்பர் 29 என்பதே கணக்காக இருந்தது. மழை பின்வாங்கத் தொடங்கும் இடம் இராசத்தானத்தின் மேற்கு ஓரம். அதற்குரிய இயல்பு நாளும் செப்டம்பர் முதல் நாளிலிருந்து செப்டம்பர் 17க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பல ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து, மழை முன்னைப் போல் விரைந்து விடைபெறுவதில்லை என்று கண்டதன் விளைவே இம்மாற்றம். 'செப்டம்பர் முடிந்தது, மழையும் முடிந்தது' என்ற நம் பழைய மனக்கணக்கையும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும் அன்றோ?

மழை நீங்கிவிட்டது என்று எதனைக்கொண்டு முடிவு செய்கின்றனர்? வடமேற்கில் ஐந்து நாட்கள் தொடர்ந்து மழை இல்லாதிருத்தல், காற்றிலுள்ள ஈரம் குறைதல், தாழ்ந்த உயரத்தில் காற்று எதிர்ச்சுழற்சி கொள்ளுதல் ஆகிய மூன்றையும் பார்க்கின்றனர். எனவே இரண்டு நாள் வெயில் அடித்ததைக் கண்டு மழை போயிற்று எனக் கொள்ளுதல் ஆகாது.

சூரியன் செப்டம்பர் 22 அல்லது 23இல் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே செல்கிறது. வடநாட்டு நிலம் மெல்லக் குளிரத் தொடங்குகிறது. கடலிலிருந்து ஓயாது வீசிய தென்மேற்குக் காற்று தளர்கிறது. ஆனால் நான்கு மாத மழையில் ஊறிய நிலத்தின் ஈரம் உடனே உலர்வதில்லை. முற்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அவ்வெப்பம் ஈரக்காற்றை மேலே தூக்குகிறது. பிற்பகலில் சகியாத்திரி மலைமேல் கருமேகங்கள் கோபுரம்போல் எழுகின்றன. கிழக்கிலிருந்து வரும் மெல்லிய காற்று அவற்றைத் தாணே, நவி மும்பை வழியாக மாலையில் நம் தலைக்கு மேல் கொண்டுவந்து சேர்க்கிறது. சூலை மாத மழை மேற்கே கடலிலிருந்து வந்து நாள் முழுதும் பெய்யும். இம்மழையோ கிழக்கே மலையிலிருந்து வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். இதனை அறிந்தவர் இம்மாதத்தில் மாலை நான்கு மணிக்குக் கிழக்குத் திசையை ஒருமுறை நோக்குவர்.

அது வரும் வேளைதான் தொல்லையானது. அலுவலகங்கள் விடும் நேரம் அது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 25 மாலை பெய்த மழையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சில மணி நேரத்திற்குள் கொட்டிய மழையால் தண்டவாளங்களில் நீர் தேங்கிப் புறநகர் மின்சார வண்டிகள் தடைப்பட்டன. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. அந்தேரியில் திறந்து கிடந்த வடிகாலில் விழுந்து ஒரு பெண்மணி உயிர் துறந்தார். மழை குறைந்ததும் வீடு திரும்பும் அவசரத்தில், தரை தெரியாத நீரில் கால் வைத்தல் எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. கடலின் ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் மழையும் பெய்தால், வடிகால்களும் மித்தி ஆறும் நீரைக் கடலில் விட இயலாது தேக்கிவிடும். குர்லா, சயான், சுனாபட்டி முதலிய தாழ்ந்த பகுதிகளைக் கடந்து செல்வோர் மழைச் செய்தியோடு ஓத நேரத்தையும் பார்த்துக்கொள்வது நலம்.

இடியும் சூறைக்காற்றும்

இத்தகைய கருமேகத்தில் மூன்று ஆபத்துகள் உண்டு: பெருமழை, மின்னல், திடீர்ச் சூறைக்காற்று. மழைக்கு அஞ்சும் நாம் பின்னிரண்டையும் பொருட்படுத்துவதில்லை. 2024ஆம் ஆண்டு மே 13 அன்று நம் திலக் நகருக்கு அண்மையில், காட்கோபர் செட்டா நகர்ப் பக்கத்தில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். பருவமழைக்கு முந்திய சூறைக்காற்றில் மிகப் பெரிய விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் நிலையத்தின்மீது சாய்ந்தது. பதினேழு பேர் மாண்டனர். மே மாதத்தில் பருவமழை வருமுன் எழும் மேகமும், அக்டோபரில் அது போகும்போது எழும் மேகமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வெயிலும் ஈரமும் கலந்து வளர்ந்து, உச்சியிலிருந்து குளிர்ந்த காற்றைத் திடீரெனக் கீழே தள்ளும் இயல்புடையவை. ஆதலின் வானம் இருண்டு, வெக்கை மாறிச் சட்டெனக் குளிர்காற்று முகத்தில் அடித்தால், அதனை இன்பமாகக் கருதி வெளியே நிற்றல் கூடாது. விளம்பரப் பலகை, பழைய மரம், தகரக்கூரை, கட்டடச் சாரம் ஆகியவற்றின் கீழிருந்து அகல வேண்டிய கணம் அதுவே.

மின்னலுக்கு எளிய கணக்கொன்று உண்டு. மின்னல் கண்ணில் பட்டதிலிருந்து இடியோசை கேட்கும் வரை நொடிகளை எண்ணுக. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவு. எண்ணிக்கை முப்பதுக்குள் நின்றால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே கட்டடத்திற்குள் செல்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம். மாடியில் துணி எடுக்க ஓடும் தாய்மார்களும், மைதானத்தில் பந்தாடும் பிள்ளைகளும் இதனை மனத்தில் இருத்த வேண்டும். பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்னும் செயலியைக் கைப்பேசிக்கெனச் செய்துள்ளது. அருகில் மின்னல் விழும் வாய்ப்பை அது முன்கூட்டி உரைக்கும்.

கடலில் பிறக்கும் புயல்கள்

இனிப் பெரும்புயல்களுக்கு வருவோம். நம் நாட்டைச் சூழ்ந்த கடல்களில் புயல் எழுவது பெரும்பாலும் இரு பருவங்களில்தான். ஏப்ரல் முதல் சூன் வரை ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. இடைப்பட்ட சூலை, ஆகஸ்டு மாதங்களில் கடல் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது, புயல் ஏன் எழுவதில்லை என்று வினவலாம். அப்போது கீழ்க்காற்று ஒரு திசையிலும் மேற்காற்று எதிர்த்திசையிலும் வலுவாக வீசுகின்றன. எழும் சுழலின் தலையும் உடலும் வெவ்வேறு பக்கம் இழுக்கப்பட்டு அது குலைந்துவிடுகிறது. புரட்டாசி கடந்ததும் அவ்விழுப்பறி தளர்கிறது. கடலின் வெப்பமோ தணிவதில்லை. சுழல் நிலைத்து வளர்கிறது.

வங்கக் கடலில் நான்கு புயல் எழுந்தால் அரபிக் கடலில் ஒன்று என்பது நெடுங்காலக் கணக்கு. அதனால் 'புயல் ஊருக்குத்தான், மும்பைக்கு இல்லை' என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். ஆனால் இரு கடல்களையும் ஒரே சுழல் தொட்டுச் செல்வதும் உண்டு. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று 'குலாப்' என்னும் புயல் ஆந்திரத்தில் கலிங்கப்பட்டினத்தின் அருகே கரையேறியது. நிலத்தில் வலுக் குன்றியும் அது மடியவில்லை. தெலங்கானம், மராத்வாடா வழியாக மேற்கே நகர்ந்து பெருமழை பெய்வித்தது. பின்னர் அரபிக் கடலில் இறங்கி மீண்டும் வலுப்பெற்று, 'ஷாஹீன்' எனப் புதுப்பெயர் பூண்டு, அக்டோபர் 3 அன்று ஓமான் நாட்டுக் கரையைத் தாக்கியது. நம் உறவினர் பலர் பிழைப்பை நாடிச் சென்றுள்ள நாடன்றோ அது? கிழக்குக் கரையில் தொடங்கி மும்பைக்கு அருகாகக் கடந்து வளைகுடா வரை ஒரு வாரத்திற்குள் சென்ற சுழல் அது.

தெற்கிலிருந்து இங்கு வந்தவையும் உண்டு. 2009ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் பெருமழையும் நிலச்சரிவும் நேர்ந்தன. அச்சமயத்தில் தென்கோடியிலிருந்து அரபிக் கடலில் வடக்கு நோக்கி வந்த சுழலே 'பியான்' என்னும் புயலாகி நவம்பர் 11 அன்று மகாராட்டிரக் கரையைத் தொட்டது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று கன்னியாகுமரியருகே எழுந்த 'ஒக்கி' நம் மீனவ மக்கள் பலரைக் கடலிலேயே பலிகொண்டது. தாழ்வு மண்டலம் ஒரு நாளைக்குள் புயலாக மாறியமையால், முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தோர் திரும்ப வழியில்லாது போயிற்று. காற்றில் ஒதுக்கப்பட்ட படகுகள் பல இம்மாநிலத்தின் தேவ்கட் கரையில் வந்து சேர்ந்தன. டிசம்பர் 5 அன்று அதே புயலின் மிச்சம் மும்பையில் மழையாகப் பெய்து, பள்ளிகள் மூடப்பட்டன. குமரிக்கரையில் அழுகுரல் எழுப்பிய அதே காற்று, ஐந்தே நாளில் நம் சாளரத்தைத் தட்டியது. ஊரின் வானமும் இந்நகரின் வானமும் வெவ்வேறல்ல என்பதை இதனினும் துயரமாக எவரும் உணர்த்த இயலாது.

புயலுக்குப் பெயர் சூட்டும் முறையில் பதின்மூன்று நாடுகள் பங்கு கொள்கின்றன. 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தியா தந்த பெயர்களுள் 'முரசு' என்னும் தமிழ்ச்சொல்லும் இடம்பெற்றுள்ளது. பிள்ளைகளுக்குச் சொன்னால் மகிழ்வர்.

ஊர் வானம்

தமிழ்நாட்டிற்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அக்டோபர் 20ஐ ஒட்டி அது தொடங்குவது இயல்பு. குளமும் கிணறும் நிறைவது அம்மழையால்தான். குடி பெயர்வதும் சில வேளை அம்மழையால்தான். 2005ஆம் ஆண்டு சூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டர் மழை பெய்ததை இந்நகரத்தார் இன்றும் பேசுவர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அங்கு புயலே இல்லை. கடலோரத்துச் சுழற்சி ஒன்றே அத்தனையையும் கொட்டியது. 'புயல் இல்லையாம், வெறும் மழைதானாம்' என்று அலட்சியம் செய்வோர்க்கு இது நல்ல பாடம்.

ரயில்வேயில் எழுத்தர் பணியிலிருக்கும் எம்மனோரிடம் இம்மாதங்களில் மிகுதியாகக் கேட்கப்படும் வினா, "வண்டி நேரத்திற்குப் போய்ச் சேருமா?" என்பதுதான். அதற்கு விடையாக மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அரியலூரின் அருகே மருதையாற்றில் விழுந்தது. பருவமழை வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற வண்டியைப் புயலலை வாரிக்கொண்டது. பயணம் செய்தோருள் ஒருவரும் மீளவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே வாழ்வதற்குத் தகுதியற்றதாயிற்று.

மூன்றாவது நிகழ்ச்சி 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17 இரவு நேர்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, முன்னே பாதை அரிக்கப்பட்டதை அறிந்து, திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். இரண்டு நாட்கள் பலர் அங்கேயே தங்க நேர்ந்தது. அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் துன்பத்தையும் பாராது சமைத்துக் கொடுத்தனர். பின்னர் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். அவ்விரவு அவ்வண்டி நிறுத்தப்படாமல் 'நேரத்திற்கு' ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என எண்ணிப் பாருங்கள். வண்டி நிறுத்தப்பட்டால் முணுமுணுக்கும் நாம், அத்தாமதத்தின் விலையையும் வண்டி ஓடியிருந்தால் கொடுக்க நேர்ந்திருக்கும் விலையையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

அறிவிப்பின் சொற்கள்

வானிலை அறிவிப்பில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. அதனை அறியாமையால்தான் 'இவர்கள் சொன்னது பொய்த்தது' என்கிறோம். 'ஓரிரு இடங்களில் மழை' என்றால் அப்பகுதியின் நிலையங்களுள் நான்கில் ஒரு பங்கு வரை மழை பெறும் என்பது பொருள். 'சில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பல இடங்களில்' என்றால் முக்கால் வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். ஓரிரு இடங்களில் என்று கூறிய நாளில் செம்பூரில் பெய்து தாராவியில் பெய்யாவிடில், அறிவிப்புப் பலித்தது என்றே கொள்ள வேண்டும். மேற்கூறிய 2005 சூலை 26 அன்றே, சாந்தாகுரூசில் 94 சென்டிமீட்டர் பெய்தபோது கொலாபாவில் பெய்தது 7 சென்டிமீட்டர்தான்.

'கனமழை' என்பது ஒரு நாளில் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை. 'மிக கனமழை' 20 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும் வரை. அதற்கும் மேலானது 'அதிகனமழை'. நிறங்களுள் பச்சை, அச்சமில்லை என்பதாம். மஞ்சள், கவனித்திரு என்பதாம். ஆரஞ்சு, ஆயத்தமாயிரு என்பதாம். சிவப்பு, செயலில் இறங்கு என்பதாம்.

சுழல்களுக்கும் படி உண்டு. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், பின்னர் புயல். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் புயல் என்ற பெயர். 89ஐ எட்டினால் தீவிரப் புயல். 118ஐ எட்டினால் மிகத் தீவிரப் புயல். துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண்ணப்படும். ஒன்றும் இரண்டும் புயல் தொலைவில் உள்ளது என்பன. மூன்றும் நான்கும் துறைமுகத்தில் காற்று மிகலாம் என்பன. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினொன்று, செய்தித் தொடர்பே அற்றது என்பது. ஊரிலிருந்து கூண்டின் எண்ணைச் சொல்லி எவரேனும் பேசினால், இனி உங்களுக்குப் பொருள் விளங்கும்.

வரும் வாரத்தைப் பார்க்கும் முறை

திங்களிதழ் அச்சேறி உங்கள் கைக்கு வருவதற்குள் வானம் பலமுறை மாறிவிடும். ஆதலின் வரும் செவ்வாயன்று மழையா வெயிலா என்று இங்கே எழுதுதல் பொருந்தாது. ஒவ்வொரு குடும்பமும் தன் வாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வழியைச் சொல்லுதலே தக்கது.

வெள்ளியன்று இரவு திருநெல்வேலிப் பக்கம் புறப்படும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்துவரும் வாரங்களின் பொதுப்போக்கையும், கடலில் சுழல் பிறக்கும் வாய்ப்பையும் வெளியிடுகிறது. பயணத்திற்கு முந்திய வாரத்து வியாழனன்று அதனைப் பார்க்க வேண்டும். அதில் நாளும் ஊரும் இராது; கடல் அமைதியாக இருக்குமா என்பது மட்டும் தெரியும். அடுத்து, திங்கட்கிழமை ஏழு நாள் முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். அவர்கள் பார்ப்பது வெள்ளிக்கிழமை மும்பை வானத்தை. பார்க்க வேண்டியதோ, சனிக்கிழமை வழியிலுள்ள மாவட்டங்களையும், ஞாயிற்றுக்கிழமை ஊரையும். வண்டி ஓர் இரவும் ஒரு பகலும் கடந்து செல்கிறது. வானமும் அதற்குள் நகர்கிறது. சோலாப்பூர், குண்டக்கல் வழியாகச் செல்வோர் அப்பகுதிகளையும், கொங்கண் வழியாகச் செல்வோர் இரத்தினகிரி, கோவா, மங்களூர்ப் பகுதிகளையும் பார்த்தல் வேண்டும். கொங்கண் பாதையில் மழைக்காலத்திற்கெனத் தனிக் கால அட்டவணை உண்டு. 2025ஆம் ஆண்டில் அது சூன் 15 முதல் அக்டோபர் 20 வரை நடைமுறையில் இருந்தது. பெருமழையில் கண்பார்வை குன்றினால் அப்பாதையில் வண்டிகள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்ல வேண்டும் என்பது விதி.

முதல் இரண்டு நாள் அறிவிப்பைப் பெரிதும் நம்பலாம். மூன்றாம் நான்காம் நாட்களுக்குரியது போக்கைக் காட்டும். ஐந்துக்கு மேற்பட்டது ஓர் எச்சரிக்கைக் குறிப்பே. எனவே திங்களன்று கண்டதைப் புதனன்றும், புறப்படும் நாள் காலையிலும் மீண்டும் பார்க்க வேண்டும். புயல் எழுந்தால், கரையில் கடுங்காலநிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னதாக ஓர் எச்சரிக்கையும், 24 மணி நேரம் முன்னதாக மற்றோர் எச்சரிக்கையும் வெளியிடப்படும். இடிமழைக்கு மூன்று மணி நேரத்திற்கான அறிவிப்பு உண்டு. மும்பைக்குக் கொலாபா மண்டல மையம் சொல்வதையும், ஊருக்குச் சென்னை மண்டல மையம் சொல்வதையும் கேளுங்கள். கைப்பேசியில் கைமாறி வரும் பெயரற்ற செய்திகளில் பழைய படமும் புதிய அச்சமும் கலந்திருக்கும். அவற்றைப் பிறர்க்கு அனுப்புதல் நலம் செய்யாது.

சில ஏற்பாடுகள்

வண்டியை ரயில்வேயே ரத்துச் செய்தால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நீங்கள் ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்திற்கு மேல் தாமதமாகிப் பயணத்தைக் கைவிட்டாலும், வண்டி புறப்படுவதற்கு முன் உரிய முறையில் கோரினால் முழுத் தொகையும் பெறலாம். பணம் போய்விடுமே என்று அஞ்சி வெள்ளத்தை நோக்கிப் பயணம் செய்ய வேண்டியதில்லை. வண்டிகளின் நிலையை 139 என்ற எண்ணில் கேட்டறியலாம். குழந்தைகளுடன் செல்வோர் ஒரு நாளுக்கு மிகையான உணவும் குடிநீரும் மருந்தும் கொண்டுசெல்லுதல் இம்மாதங்களில் வீண் சுமையன்று. திருவைகுண்டத்துப் பயணிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்நகரில் இடர் நேர்ந்தால் மாநகராட்சியின் எண் 1916. தமிழ்நாட்டில் மாநிலத்திற்கு 1070, மாவட்டத்திற்கு 1077. இவ்வெண்களைச் சுவரில் நாட்காட்டிக்கு அருகில் எழுதி ஒட்டுங்கள். ஊரில் தனித்திருக்கும் முதியோர்க்கும் அவ்வாறே எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். மழை மிகுந்தால் அவர்கள் எந்த உறவினர் வீட்டிற்கு அல்லது எந்தப் பள்ளிக்கட்டடத்திற்குச் செல்வது, யார் அழைத்துச் செல்வது என்பதை ஐப்பசிக்கு முன்னரே பேசி முடித்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் தொலைபேசி பேசாது.

எச்சரிக்கை பொய்த்தால்

2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் அரபிக் கடலில் 'சக்தி' என்னும் புயல் எழுந்தபோது மும்பைக்கும் கொங்கணக் கரைக்கும் எச்சரிக்கை விடப்பட்டது. புயலோ மேற்கே விலகிக் கடலிலேயே வலுவிழந்தது. 'வீணாகப் பயமுறுத்தினார்கள்' என்று அன்று சிலர் நகைத்தனர். அவர்கட்கு ஒரிசாவின் இரண்டு அக்டோபர்களைச் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் மக்கள் மாண்டனர். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று 'பைலின்' என்னும் கடும்புயல் அதே மாநிலத்தில் கோபால்பூரின் அருகே கரையேறியது. அதற்குள் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மேட்டுக்கும் புகலிடங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். இறந்தோர் சில பதின்மரே. இரண்டும் கொடும் புயல்களே. முன்னறிவிப்பு வளர்ந்திருந்தது, புகலிடங்கள் கட்டப்பட்டிருந்தன, சொன்னவர் சொல்லை மக்கள் கேட்டு எழுந்து நடந்தனர். அங்கிருந்து எழுந்த பத்து லட்சம் பேரில், தம் வீடு இருந்த இடத்தில் நீரே ஏறாததைக் கண்டு திரும்பியோரும் இருந்திருப்பர். அவர்கள் இழந்தது ஓர் இரவுத் தூக்கம் மட்டுமே.

நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்வோர் நலமே சென்று வருக. இங்கிருப்போர் மாலைதோறும் கிழக்கு வானத்தை ஒருமுறை பார்த்துப் புறப்படுக. அடுத்த திங்களில் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி விரிவாகக் காண்போம்.